ஒரு சர்வர் நின்றுபோனால் மற்றொன்று பொறுப்பேற்கும் என்றால், கிளஸ்டருக்கு இரண்டு சர்வர்கள் போதாதா?

இரண்டு சர்வர்களில் டேட்டாபேஸ் கிளஸ்டர் (ஒரே சேவையைச் சேர்ந்து தாங்கும் சர்வர்களின் கூட்டம்) அமைத்துவிட்டோம், ஒன்று நின்றால் மற்றது தானாகவே ஏற்றுக்கொள்கிறது, பிறகு மூன்றாவது இயந்திரமும் ஃபென்சிங்கும் (சந்தேகத்துக்குரிய சர்வரைக் கட்டாயமாக அணைத்துவிடும் முறை) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் கிளஸ்டர்களைப் பராமரிப்பதே என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுப்பேற்பது எளிது; பழைய சர்வர் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று தீர்மானிப்பதுதான் கடினம்.

தரவு எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாத வெப் சர்வர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. முன்னால் நிற்கும் லோட் பேலன்சர், பதில் சொல்லாத சர்வரை விட்டுவிட்டு மற்றவற்றுக்குக் கோரிக்கைகளை அனுப்பும். அது தவறாகக் கணித்தாலும் கெட்டுப்போவது எதுவுமில்லை. தரவை எழுதும் சர்வரின் நிலை வேறு.

பேஸ்மேக்கர், கோரோசிங் என்ற கிளஸ்டர் மென்பொருள்கள் இயங்கும் கிளஸ்டரில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சில விநாடிகளுக்குச் செய்தி வராவிட்டால், உயிரோடு இருக்கும் சர்வர், இரண்டுக்கும் பொதுவான டிஸ்க்கை மவுண்ட் செய்து (தன்னுடன் இணைத்து), டேட்டாபேஸைத் தொடங்கி, கிளஸ்டருக்கென்று ஒதுக்கிய ஐபி முகவரியை எடுத்துக்கொண்டு, அந்த முகவரி இனி என் நெட்வொர்க் கார்டில்தான் இருக்கிறது என்று ஏஆர்பி (ஐபி முகவரி எந்த நெட்வொர்க் கார்டுக்கு உரியது என்று சொல்லும் நெறிமுறை) செய்தி மூலம் நெட்வொர்க் முழுவதற்கும் அறிவிக்கும். பயன்படுத்துபவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் திறந்திருந்த இணைப்புகள் அறுந்துவிடும் என்பதால், மறுபடி இணைந்துகொள்ளும் திறன் செயலியிடம் இருக்க வேண்டும்.

செய்தி வரவில்லை என்பதாலேயே அந்த சர்வர் நின்றுவிட்டது என்று ஆகிவிடாது. இடையிலுள்ள ஸ்விட்ச் பழுதாகியிருக்கலாம். இயங்குதளத்தின் மையமான கெர்னல் சற்று நேரம் உறைந்துபோய், பிறகு மீண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கலாம். அப்போது இரண்டு சர்வர்களும் தாமே தலைமை என்று நம்பி ஒரே டிஸ்க்கில் எழுதும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம்கள் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புகள்) ஒரே நேரத்தில் ஒரு சர்வரில் மட்டும் மவுண்ட் ஆவதற்கென்று உருவானவை என்பதால், ஃபைல் சிஸ்டமே சிதைந்துவிடும். சேவை ஒரு மணி நேரம் நின்றிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது.

ஆகவேதான் ஃபென்சிங். புதிய சர்வர் பொறுப்பேற்பதற்கு முன், பழைய சர்வரின் மின்சாரத்தை ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்தே அணைக்க உதவும், அதனுள்ளேயே இருக்கும் மேலாண்மை வசதி) வழியாகத் துண்டிக்கும். துண்டித்தாயிற்று என்ற உறுதி கிடைக்காவிட்டால் பொறுப்பேற்காமல் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பைத் தொல்லையாக நினைத்து ஃபென்சிங்கை அணைத்துவிடுபவர்கள் பலர். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டே சர்வர்கள் இருந்து, இடையிலுள்ள தொடர்பு மட்டும் அறுந்தால், ஒன்றையொன்று ஒரே நேரத்தில் அணைத்துவிடும் வாய்ப்பும் உண்டு. பெரும்பான்மை இருக்கும் பக்கமே இயங்கலாம் என்ற கோரம் விதிக்கு மூன்று வாக்குகளாவது வேண்டும். மூன்றில் ஒன்றை இழந்தால் தாங்கலாம், ஐந்தில் இரண்டை இழந்தால் தாங்கலாம். நான்கு வைத்தாலும் ஒன்றைத்தான் இழக்க முடியும். மூன்றாவது வாக்குக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, வேறொரு இடத்தில் இருக்கும் சிறிய சர்வரே போதும்.

கோரம் இருந்தாலும் தரவு தப்பிவிடும் என்று சொல்ல முடியாது என்பதற்கு மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பழுதான ஆப்டிக்கல் கருவியை மாற்றும் பணியின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள அவர்களுடைய முதன்மை டேட்டா சென்டரின் தொடர்பு 43 விநாடிகள் அறுந்தது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர்களில் எது தலைமை என்று தீர்மானிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள், விதிப்படியே பெரும்பான்மையைத் திரட்டி, மேற்குக் கரை சர்வர்களைத் தலைமையாக்கியது. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட தரவு மேற்குக்கு நகலாகி முடிந்திருக்கவில்லை. தொடர்பு மீண்டபோது இரு கரைகளிலும் மற்றதிடம் இல்லாத பதிவுகள் இருந்தன. அவர்கள் அவசரமாகப் பழைய நிலைக்குத் திரும்பாமல், காப்புப் பிரதிகளிலிருந்து மீட்டு, தரவைச் சரிபார்த்த பிறகே சேவையை முழுமையாகத் திறந்தார்கள். தளம் 24 மணி 11 நிமிடங்கள் தடுமாறியது. சேவையைவிடத் தரவே முக்கியம் என்ற அந்த முடிவு சரியானது என்பதே என் உறுதியான கருத்து.

எனவே உங்கள் அமைப்பில் மூன்றாவது வாக்கைச் சேருங்கள். நகல் முடிந்த பிறகே எழுதியதாக ஒப்புக்கொள்ளும் முறையை, அதனால் வரும் தாமதத்தை அளந்து பார்த்துவிட்டு, முக்கியமான தரவுக்காவது பயன்படுத்துங்கள். சோதிக்கும்போது சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள், பிறகு மின் கேபிளையும் பிடுங்கிப் பாருங்கள். ஐபிஎம்ஐ அந்த சர்வரின் மின்சாரத்திலேயே இயங்குவதால், மின்சாரம் முற்றிலும் போனால் அதுவும் பதில் தராது. ஃபென்சிங் உறுதியாகாமல் இரண்டாவது சர்வர் காத்துக்கொண்டே நிற்கும். அதற்காகத்தான் நெட்வொர்க் வழியே இயக்கக்கூடிய பிடியூ (சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் கருவி) ஒன்றை இரண்டாவது ஃபென்சிங் வழியாக வைக்கிறோம்.