ராத்திரியில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் கோட்டயமா, கம்பமா?

கேள்வி: கேரளாவில் வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். 2 வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், சளி. ராத்திரி மோசமானால் கோட்டயம் போவதா, மலை இறங்கிக் கம்பம் போவதா? மோசம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள் அம்மா. 103 டிகிரியில் ஓடியாடும் பிள்ளையைவிட 100 டிகிரியில் துவண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். அவள் அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, எதையும் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் சரியாகக் கண் விழிக்காவிட்டாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. டெங்கு என்றால் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே கிளம்புங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் 2 மாதம் நிறையாத பச்சைக்குழந்தைக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டில் இருந்தால் சொல்லிவையுங்கள். அதற்கு 100.4 டிகிரி வந்தாலே ஆஸ்பத்திரி. உடம்பு சில்லிட்டாலும், பால் குடிப்பது குறைந்தாலும் அப்படித்தான். 'தடுப்பூசிக் காய்ச்சலாக இருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது, சிரப் கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

சரி, கோட்டயமா கம்பமா? முதலில் இரண்டும் இல்லை. ஆக்சிஜனும் டாக்டரும் உள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரிதான். மூச்சை நிலைப்படுத்திய பிறகு அவர்கள் அனுப்பட்டும், கோட்டயம் மெடிக்கல் காலேஜோ, தேனி க.விலக்கில் உள்ள அரசு மெடிக்கல் காலேஜோ. 108 கூப்பிடுங்கள், காசு கிடையாது. தனியார் ஆம்புலன்ஸ்காரர் 'அங்கே பெட் இல்லை, எனக்குத் தெரிந்த இடம் இருக்கு' என்றால் ஏறாதீர்கள். பல இடங்களில் அது கமிஷன் பேச்சு. பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் போய், நீலம் பாரித்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலமும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் நோயின் அறிகுறி மட்டும் மறையும், நோய் போகாது. சில இடங்களில் பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே எந்த மாநில ரேஷன் கார்டு என்று கேட்கிறார்கள். மூச்சுத் திணறலுக்கு எல்லைக்கோடு தெரியுமா? அவசர சிகிச்சைக்குக் கார்டு தேவையில்லை என்று அழுத்திச் சொல்லுங்கள்.

வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். வழியில் மயக்கமாக இருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.