நானே எழுதிய கட்டுரையை ‘ஏஐ எழுதியது’ என்று மென்பொருள் சொல்வது ஏன்?

ஆன்லைன் படிப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஏஐ கண்டறியும் கருவி என்பது, ஓர் எழுத்து மனிதருடையதா இயந்திரத்தினுடையதா என்று ஊகிக்கும் மென்பொருள். ஊகிக்கும், அவ்வளவுதான்.

“இன்றைய உலகில் கல்வி மிகவும்…” என்று தொடங்கினால் அடுத்து “முக்கியமானது” என்று நீங்களே முடித்துவிடுவீர்கள். இப்படி எளிதில் ஊகிக்கக்கூடிய சொற்களாகவே வந்தால் கருவி சந்தேகப்படும். ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்து, தெரிந்த சொற்களை வைத்துக் கவனமாக எழுதுகிறவரின் நடையும் அப்படித்தானே இருக்கும்? 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வின் 91 கட்டுரைகளை 7 கருவிகளில் சோதித்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக அவற்றில் 61 சதவீதம் கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓபன்ஏஐ நிறுவனம், துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியையே நிறுத்திவிட்டது. சாட்ஜிபிடியைச் செய்தவர்களுக்கே இந்தக் கதி!

சாம்பாரை ருசித்துவிட்டு “இது ஓட்டல் சாம்பார்” என்று சொல்வது போலத்தான் இது. வீட்டிலும் சிலர் அப்படி வைப்பார்கள். கருவி சொல்வதை மட்டும் வைத்து மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம் என்பேன். வரைவுகளைப் பத்திரமாக வையுங்கள். எப்போது என்ன மாற்றினீர்கள் என்று காட்டும் கூகுள் டாக்ஸின் திருத்த வரலாறு நல்ல சாட்சி.

அப்புறம், ஏஐ கண்டறியும் கருவியை, காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: அது எங்கிருந்து எடுத்தது என்று மூலத்தைக் காட்டும், இதனிடம் காட்ட மூலமே கிடையாது.