பம்பர் சந்தேகங்கள்: பலகை, நூடில், புறக்கோட்டைத் துணி

ரோபோ செய்யும் பிள்ளைகளிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி பம்பரைப் பற்றித்தான், அதாவது மோதலில் அடிபடாமல் இருக்க ரோபோவின் சட்டகத்தைச் சுற்றிப் பலகை, நூடில், துணியால் செய்து மாட்டும் மெத்தையைப் பற்றித்தான். எல்லாருமே ரோபோவை முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில்தான் அதை நினைக்கிறார்கள் என்பது கேட்கும் தொனியிலேயே தெரிகிறது. நான் சொல்லும் அளவுகளும் விதிகளும் எஃப்.ஆர்.சி. போட்டியின் (ஃபர்ஸ்ட் அமைப்பு மாணவர்களுக்கு நடத்தும் ரோபோப் போட்டி) 2024 மேனுவலை, அதாவது விதிப் புத்தகத்தை ஒட்டியவை. 2025இல் பம்பர் பகுதியை நிறையவே மாற்றினார்கள். அதனால் பலகையை அறுக்க முன்னர் உங்கள் வருடத்து மேனுவலை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அண்ணா, ஹார்ட்வெயார் கடையில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்தான் இருக்கிறது, விதியில் முக்கால் அங்குலம் என்றிருக்கிறதே? வீட்டில் பழைய அலுமாரியின் சிப்போர்ட் வேறு சும்மா கிடக்கிறது. (வெள்ளவத்தை)

தம்பி, 18 பரவாயில்லை. முக்கால் அங்குலம் என்பது பெயரளவு. அந்தப் பெயரில் விற்கும் பலகையை அளந்தாலே கிட்டத்தட்ட 18தான் வரும். உயரம் 5 அங்குலம், அரை அங்குலம் கூடக் குறைய இருக்கலாம். சிப்போர்டை மட்டும் மறந்துவிடுங்கள், விதியே அதை வேண்டாம் என்கிறது. விதி சொல்லாவிட்டாலும், வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரண்டு மாதம் இருந்த சிப்போர்டில் ஒரு ஸ்குரூவைப் போட்டுக் கழற்றிப் பாருங்கள், ஓட்டையிலிருந்து தூள்தான் கொட்டும்.

பலகையின்மேல் வைக்கும் பூல் நூடில் (நீச்சல் குளத்தில் மிதக்கப் பிடிக்கும் நீளமான ஃபோம் உருளை) எங்கும் கிடைக்கவில்லை. ஏசி குழாயைச் சுற்றும் கறுப்பு ஃபோம் போடலாமா? (தெஹிவளை)

கூடாது. நூடில் என்று எழுதியிருந்தால் நூடில்தான். ஏறத்தாழ இரண்டரை அங்குல விட்டமுள்ளது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. இரண்டும் சேர்ந்தால் 5 அங்குலம், பலகையின் உயரத்துக்குச் சரி. நீச்சல் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். வாங்கும்போது டேப் கொண்டு போங்கள், மெல்லியதும் விற்கிறார்கள்.

திரீவீலர் சீட்டுக்குப் போடும் ரெக்சினால் மூடினால் பார்க்க நன்றாக இருக்குமே, குஷன் கடைக்காரரும் தைத்துத் தருகிறேன் என்கிறார். மூலைகளை எப்படி மடிப்பது? (கொட்டாஞ்சேனை)

நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டாவதுதான் பெரிய தலைவலி. முதலில் துணி: விதி கேட்பது உறுதியான, வழுவழுப்பான துணி. பட்டும் படுக்கை விரிப்பும் ஆகாது, 1000 டெனியர் கோர்டுரா (தடித்த நூலில் நெய்த உறுதியான நைலோன் துணி) ஆகும் என்று உதாரணமே தருகிறது. ரெக்சின் பிளாஸ்டிக் பூச்சு, மற்ற ரோபோவில் உரசும்போது வழுக்காமல் ஒட்டிப் பிடிக்கும் என்பதால் நான் போடமாட்டேன். புறக்கோட்டையில் பாடசாலைப் பை தைப்பவர்கள் வாங்கும் தடித்த நைலோன் துணியைக் கேளுங்கள், சிவப்பும் நீலமும் இரண்டுமே வேண்டும், ஆட்டத்துக்கு ஆட்டம் நீங்கள் சேரும் பக்கத்தின் நிறம் மாறும்.

இனி மூலை. சட்டகத்தின் வெளிமூலை ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலத்துக்குப் பம்பர் இருக்க வேண்டும், இரண்டு பம்பர் சந்திக்கும் அந்த வெற்றிடமும் நூடிலால் நிரம்ப வேண்டும். பலர் அங்கே வெறும் துணியை இழுத்து மூடிவிடுகிறார்கள், விரலால் அழுத்தினாலே உள்ளே போய்விடும். நூடிலை 45 பாகையில் சாய்த்து வெட்டிப் பொருத்துங்கள். பாண் வெட்டும் பல்லுக் கத்தி நன்றாக வெட்டும், அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். துணியை முதலில் நேர்ப் பக்கங்களில் ஸ்டேப்பிள் அடித்துவிட்டு, மூலையில் மிஞ்சுவதைப் பரிசுப் பொதி மடிப்பதுபோல் மேலும் கீழும் மடித்துப் பலகையின் பின்பக்கத்தில் அடியுங்கள்.

நான் முதல் தடவை செய்தபோது சோபா தைப்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். சுருக்கமே இல்லை, பார்க்க அவ்வளவு அழகு. குறுக்காகப் பார்த்தால்தான் தெரிந்தது, இரண்டு நூடிலும் நசுங்கிச் சப்பையாகி இருந்தன. நூடிலின் வடிவம் கெடக் கூடாது என்பதும் விதிதான், அன்றிரவே அத்தனை ஸ்டேப்பிளையும் ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். துணி சுருங்காமல் இருந்தால் போதும், மேளத் தோல்போல் விறைக்க வேண்டாம்.

பம்பரில் எங்கள் கழகத்தின் பெயரைத் தமிழில் எழுதலாமா சேர்? (பம்பலப்பிட்டி)

எழுதினால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் விதி விடாது. அணி இலக்கம், அனுமதித்த வெள்ளை ஃபர்ஸ்ட் இலச்சினை, வெல்க்ரோ போன்ற சில சின்ன விஷயங்களைத் தவிர வேறு எதுவும் தெரியக் கூடாது. இலக்கத்தை 4 அங்குல உயரம், அரை அங்குலக் கோட்டுத் தடிப்பு, வெள்ளை நிறம் என்று வைத்தால் பிரச்சினை வராது. மூலையைச் சுற்றி மடிந்து போகவும் கூடாது. தமிழை ரோபோவின் மேல் தகட்டில் எழுதுங்கள்.

மேசையில் சரியாக இருந்த பம்பர் ரோபோவில் மாட்டியதும் உயரம் தப்புகிறது. (மருதானை)

மேசையில் அளந்ததுதான் பிழை, டீச்சர். முழு ரோபோவும் பேட்டரியோடு தரையில் நிற்கும்போது பம்பர் முழுவதும் தரையிலிருந்து ஏழரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 5 அங்குலப் பம்பருக்கு மிஞ்சுவது இரண்டரைதான், அதில் துணித் தடிப்பும் போய்விடும். பிராக்கெட் ஓட்டையை வட்டமாகத் துளைக்காமல் நீளவாக்கில் துளைத்தால் பிறகு ஏற்றி இறக்கலாம். பலகைக்கும் சட்டகத்துக்கும் இடையில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டவும் கழற்றவும் எங்களுக்கு இருபது நிமிடம் போகிறது, பரவாயில்லையா? (கொள்ளுப்பிட்டி)

இல்லை. இரண்டு பேர், ஐந்து நிமிடத்துக்குள் என்பதுதான் மேனுவல் தரும் வழிகாட்டல். சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற்ற வேண்டி வரும்போது இருபது நிமிடம் யாரும் காத்திருக்கமாட்டார்கள். நட்டுகளை நாலாகக் குறையுங்கள், ஸ்பானர் ஒரே அளவாக இருக்கட்டும், அந்த ஸ்பானரைப் பம்பர்ப் பெட்டியிலேயே கயிற்றால் கட்டிவிடுங்கள்.