சிங்கப்பூரில் எடுத்த வகுப்பறை வீடியோ: கடலோர மண்டபம் ஊர்ப் பள்ளி ஸ்மார்ட் போர்டில் சத்தம் மட்டும், படம் கருப்பு

போர்டு கெடவில்லை. வீடியோவை ஹெச்.264 என்ற பழைய கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) மாற்றினால் ஓடும். ஐஃபோன் கேமரா ‘ஹை எஃபிஷியன்சி’யில் இருந்தால் ஹெச்.265 என்ற புதிய கோடெக்கில் பதியும். பழைய போர்டுகள் பல அதைப் படிக்காது. ஒலி ஏஏசி என்ற பொதுவான வடிவில் இருப்பதால் அது மட்டும் கேட்கிறது.

முதலில் உறுதி செய்யுங்கள்: கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து கன்ட்ரோல்+ஜே அழுத்துங்கள். கோடெக் வரியில் ‘ஹெச்இவிசி’ (ஹெச்.265-இன் இன்னொரு பெயர்) இருந்தால் இதே கோளாறுதான். ஹெச்.264 என்றே இருந்தால் 4கே அளவைப் போர்டு தாங்கவில்லையோ என்று சந்தேகப்படலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

1. ஹேண்ட்பிரேக் (வீடியோ மாற்றும் இலவச மென்பொருள்) நிறுவி ‘ஃபாஸ்ட் 1080பி30’ தேர்ந்தெடுங்கள்.
2. வீடியோ பகுதியில் ஹெச்.264, ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) ‘கான்ஸ்டன்ட்’. ஃபோன் ஏறி இறங்கும் வேகத்தில் பதிவதால், இதை விட்டால் நீண்ட பாடத்தில் உதட்டசைவும் பேச்சும் பிசகலாம்.
3. ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் போர்டில் ஓட்டிப் பாருங்கள். அலுவலகத்துப் பழைய கணினி ரொம்ப மெதுவாகத்தான் மாற்றும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. பத்துப் பத்து நிமிடமாக வெட்டிக்கொள்வதே புத்தி.

பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை பூத்திருந்தாலும் வீடியோ பாதியில் நிற்கும். அதைக் கோடெக் தலையில் கட்டாதீர்கள்.

மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். அந்தச் சிங்கப்பூர் வகுப்பறைப் பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்றால், அவர்கள் அனுமதியில்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.