பட்டியலுக்கு வெளியே இருப்போரை எப்படித் தேடுவது?

கேள்வி: ஊசி வழியாகப் போதை மருந்து ஏற்றிக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. குறித்து முதுநிலை ஆய்வு செய்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் தன் பட்டியலிலிருந்து 200 பேரை அழைத்து வருவதாகச் சொல்கிறது. இதைச் சமவாய்ப்பு மாதிரி (ஒவ்வொருவரும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி குலுக்கலில் எடுத்தது) என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. அந்தப் பட்டியலில் இருப்போர் ஏற்கெனவே ஆலோசனையும் புதிய ஊசியும் பெற்றுப் பழகியவர்கள். குலுக்கல் முறையில் எடுத்தாலும் அது பட்டியலுக்கு மட்டுமே மாதிரியாகும், வெளியே இருப்போரைப் பற்றி எதுவும் சொல்லாது.

இத்தகைய மக்களுக்காகவே அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தோர்ன் 1997இல் கூப்பன் முறையை (respondent-driven sampling) முன்வைத்தார். வெவ்வேறு வட்டங்களைச் சேர்ந்த சிலரை முதலில் பேட்டி கண்டு, ஒவ்வொருவரிடமும் எண்ணிட்ட கூப்பன்களை, பெரும்பாலும் மூன்று, கொடுத்தால், அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களை அனுப்புவார்கள். வந்தவருக்கும் அனுப்பியவருக்கும் சிறு தொகை உண்டு, பெயர் தேவையில்லை. பழக்கவட்டம் பெரிதாக உள்ளவர் ஆய்வுக்குள் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இப்பழக்கமுள்ள எத்தனை பேரைத் தெரியும் என்று கட்டாயம் கேளுங்கள். அந்த விடை இல்லாமல் கணக்கைச் சரிசெய்ய வழியில்லை.

இங்கேதான் இடைத்தரகர் நுழைகிறார். தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு கூப்பன்களை மொத்தமாக வாங்கி, ஊசியே போடாதவர்களை அனுப்பிவைத்துத் தொகையில் பங்கு எடுப்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். தொகை போக்குவரத்துச் செலவை ஒட்டியே இருக்கட்டும், கூப்பனுக்குக் காலாவதி நாள் இருக்கட்டும், மருந்து ஏற்றும் முறையை விவரிக்கச் சொல்லி வந்தவரைத் தனியே விசாரியுங்கள். ஆனால் ஆதார் அட்டை கேட்காதீர்கள்; கேட்டால் உண்மையானவர்கள் வரமாட்டார்கள்.

ஒருவரையொருவர் அறியாதவர்களிடம் இம்முறை செல்லாது. நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒருவர் கொடுக்கும் கூப்பன் அடுத்த ஓட்டுநரைச் சேருமுன் அவர் வேறு மாநிலத்தில் இருப்பார் என்பதால், லாரிகள் நிற்கும் இடங்களையும் நேரங்களையும் முதலில் பட்டியலிட்டு, அவற்றில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து, அந்தந்த நேரத்தில் அங்கு வந்தவர்கள் எத்தனை பேர், மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு பேட்டி காண வேண்டும். வசதியான மாலை நேரத்தில் மட்டும் போய் நின்றால், இரவு வருவோர் முழுமையாக விடுபடுவர்.

இரத்தப் பரிசோதனையும் செய்வதானால், 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அறிந்து தரும் ஒப்புதலும் இரகசியக் காப்பும் கட்டாயம். நம் ஆய்வுக் குழுக்கள் பலவும் களம் எப்படிப்பட்டது என்று கேளாமல், படிவத்தில் 'சமவாய்ப்பு' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது வேதனைக்குரியது. அந்தச் சொல்லுக்காகவே மாணவர்கள் பொய் எழுதுகிறார்கள். நீங்கள் முறையின் உண்மைப் பெயரை எழுதி, கொடுத்த கூப்பன்கள் எத்தனை, திரும்பியவை எத்தனை, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அதே பக்கத்தில் குறிப்பிடுங்கள்.