பையனுக்கு 26 பேர், பொண்ணுக்கு சோபா ஓரம்

கேள்வி: நான் ஷார்ஜாவில் ஃபோர்மேனாக வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன். பதினொன்றாவது படிக்கும் மகன் பிஎஸ்5 வீடியோ கேம் பெட்டிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டம் கேட்கிறான். ஸ்டாண்டர்ட் எடிஷன் வேண்டாமாம். எல்லா ஆட்களும் சேர்ந்த 'இயர்ஸ் 1-2 ஃபைட்டர்ஸ் எடிஷன்'தான் வேண்டுமாம். விலை கூடுதல். இதுவரை நண்பனிடம் டிஸ்க் இரவல் வாங்கித்தான் ஆடினான். தினமும் ராத்திரி வீடியோ காலில் பார்ப்பேன். அவன் ஆடுவான், எட்டாவது படிக்கும் பெண் பக்கத்தில் உட்கார்ந்து 'கீழ தடுண்ணா' என்று கத்திக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதுவே போதும், எதுவும் கேட்கமாட்டாள். தூரத்தில் இருக்கும் அப்பா நான். பிள்ளை கேட்டதைக் குறைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. எதை வாங்கட்டும்?
- ஷார்ஜா வாசகர்

பதில்: ஸ்டாண்டர்ட் வாங்குங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது என்பதுதான் எனக்கு முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

முதலில் கணக்கு. 2023 ஜூனில் கேப்காம் கம்பெனி இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது அதில் நாம் எடுத்து ஆடக்கூடிய சண்டைக்காரர்கள் 18 பேர். ரியூ, கென், சுன்-லி, கைல் எல்லாரும் அதற்குள் அடக்கம். நம் இந்திய யோகி தால்சிமும் உண்டு. மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு, ஊருக்குப் பணம் சேர்க்க வெளியே சண்டைக்குப் போகிறவர். உங்களுக்கு அவரைப் பிடிக்கும். முதல் வருடத்தில் ரஷீத், ஏ.கே.ஐ., எட், அகுமா என்று நான்கு பேரைத் தனியாக விற்றார்கள். இரண்டாம் வருடம் எம்.பைசன், டெரி, மாய், எலெனா. இந்த எட்டுப் பேரையும் சேர்த்து, மொத்தம் 26 பேராக 2025 ஜூனில் விட்டதுதான் உங்கள் மகன் கேட்கும் எடிஷன். வேர்ல்ட் டூர் என்ற கதைப் பகுதி, ஆன்லைன் கூடம், பயிற்சி எல்லாம் இரண்டிலும் ஒன்றேதான்.

'எல்லா ஆட்களும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மகன் சொன்னதாக இருக்கும். அந்த எடிஷன் கடைக்கு வந்த இரண்டே மாதத்தில் மூன்றாம் வருடக் கணக்கில் சாகத் வந்துவிட்டான், பின்னாலேயே சி.வைப்பர். அவர்கள் இந்த 26-இல் இல்லை. இந்தக் கம்பெனிக்கு இது புதிதும் இல்லை. முந்தைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, 2016-இல் 16 பேரோடு வந்தது. 2020-இல் சாம்பியன் எடிஷன் என்று வந்தபோது 40 பேர். நடுவில் ஒவ்வொருவராகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் வயிறு எரிந்திருப்பார்கள்.

'எதிராளிகிட்ட அகுமா இருக்கும், என்கிட்ட இருக்காதே' என்று மகன் அழுவான். எதிராளி அகுமாவோடு வந்தால் மோதுவதற்கு உங்கள் மகனிடம் அகுமா இருக்க வேண்டியதில்லை. அவனோடு மோத ஸ்டாண்டர்ட் போதும். நீங்கள் இருக்கும் அமீரகத்துக்காரர் ஒருவர், ஆங்கிரிபேர்ட் என்ற பெயரில் ஆடுபவர், 2023-இல் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் இதே ஆட்டத்தில் பட்டம் வென்றார். கையில் வைத்திருந்தது கென். முதல் 18-இல் இருக்கும் அதே கென்.

இன்னொன்று, ஷார்ஜா கடையில் பெட்டியாக வாங்கப் போகிறீர்கள் என்றால் கவனம். கூடுதல் ஆட்களுக்கு உள்ளே ரகசியக் குறியீட்டு எண் எழுதிய தாள் கொடுத்தால், அது எந்த நாட்டுக் கணக்குக்கோ அந்தக் கணக்கில்தான் ஏறும். மகனின் பிளேஸ்டேஷன் கணக்கு இந்தியக் கணக்கென்றால், கூடுதலாகக் கொடுத்த காசு வெறும் தாளாகப் போகும்.

சரி. எடிஷன் கதை முடிந்தது. இனி உங்கள் கதை.

'அவளுக்கு அதுவே போதும்.' இதை யார் சொன்னது, அவளா, நீங்களா?

உங்கள் கடிதத்தில் மகன் பெயர் இருந்தது, அச்சில் நீக்கிவிட்டோம். மகள் பெயரை நீக்கும் வேலையே எங்களுக்கு வரவில்லை. நீங்கள் எழுதவே இல்லை, 'பெண்' என்பதோடு சரி.

இந்த ஆட்டமே இரண்டு பேருக்காகப் பிறந்தது. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கடைகளுக்கு வந்தபோது, ஒரே திரைக்குக் கீழே இரண்டு ஜாய்ஸ்டிக் குச்சி, பக்கத்துக்கு ஆறு பட்டன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று ஆடினார்கள். ஆறாம் பாகத்திலும் அந்த வசதி அப்படியே இருக்கிறது. ஒரு டிஸ்க், ஒரு டிவி போதும், நெட் வேண்டாம், சந்தா வேண்டாம். வேண்டியது இரண்டாவது கன்ட்ரோலர். பிஎஸ்5 பெட்டியில் ஒன்றுதான் வரும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நீங்கள் அந்தப் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்தீர்கள். அன்றிலிருந்து ஒருத்தன் ஆடுகிறான், ஒருத்தி பார்க்கிறாள். கேரம் போர்டு வாங்கிப் போட்டுவிட்டு, 'அண்ணன் ஆடட்டும், நீ பவுடர் தூவு' என்று சொல்வீர்களா? இப்போது நடப்பது அதுதான்.

'கீழ தடுண்ணா' என்று கத்துகிறாள் என்றீர்கள். அது சும்மா உற்சாகக் கூச்சல் என்று நினைத்தீர்களா? இந்த ஆட்டத்தில் நின்றுகொண்டு தடுத்தால் காலை வாரும் அடி விழும். குனிந்து தடுத்தால் எதிராளி குதித்து வந்து மேலே அடிப்பான். அடுத்து எது வரும் என்று கண் இமைக்கும் நேரத்தில் கணிக்கத் தெரிய வேண்டும். கன்ட்ரோலரைக் கையில் வைத்திருக்கும் அண்ணனுக்கு முன்பே, வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு அது தெரிகிறது. பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அதை ராத்திரி ராத்திரி கேட்டும் உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை.

'எதுவும் கேட்கமாட்டாள்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். கல்லூரிக் கட்டணம் பற்றி எழுதும்போது வரும், வண்டி வாங்கும்போது வரும், சொத்து எழுதும்போதும் வரும். எழுதுகிறவர்கள் எல்லாரும் நல்ல அப்பாக்கள்தான். கேட்டால் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்து, கேட்பதை நிறுத்திய பெண்ணைத்தான் 'கேட்கமாட்டாள்' என்கிறீர்கள். கேட்டவனுக்குக் கொடுப்பது கடைக்காரன் வேலை. கேட்காதவளுக்கும் சேர்த்து அளந்து வைக்கத் தெரிந்தவரைத்தான் நான் அப்பா என்பேன். தூரத்தில் இருக்கிறேன் என்பதை இதற்குச் சாக்காகச் சொல்லாதீர்கள். தூரத்தில் இருந்துகொண்டே மகனுக்கு எட்டு ஃபைட்டர் குறையுமே என்று உங்களால் கவலைப்பட முடிகிறதே.

அதனால் ஸ்டாண்டர்டோடு பிஎஸ்5-க்கான டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் ஒன்று. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று யாருடைய பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரையாவது கேட்டு வாங்காதீர்கள், பிஎஸ்5 ஆட்டத்துக்கு அது ஆகாது. டிஸ்க்கின் விலையோடு கன்ட்ரோலர் விலையையும் சேர்த்தால், மகன் கேட்ட எடிஷனைவிடக் கூடினாலும் கூடட்டும். 'வீட்டுக்கு' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மகள் கையில் கொடுங்கள், 'இது உன்னுடையது' என்று மகன் காது கேட்கச் சொல்லுங்கள்.

அண்ணன் அளவுக்கு விரல் ஓட கொஞ்ச நாள் ஆகும். அதற்கும் வழி இருக்கிறது. மாடர்ன் என்ற கட்டுப்பாட்டு முறையில் பெரிய வித்தைகள் ஒரே பட்டனில் வரும். 'இது ஏமாத்து வேலை' என்று மகன் குதிப்பான். அப்படிச் சுருக்கு வழியில் போட்டால் அடியின் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதற்கான விலையை ஆட்டமே பிடித்துக்கொள்கிறது என்று சொல்லுங்கள். நீங்கள் வரும்வரை இலவச டெமோவை இறக்கித் தரச் சொல்லுங்கள். ரியூ, லூக் இரண்டு பேர் அதில் உண்டு. இருக்கும் ஒரு கன்ட்ரோலரில் ஆளுக்கு ஒரு சுற்று மாறி மாறிப் பழகட்டும். அடிதடி ஆட்டமாயிற்றே என்று வீட்டுக்காரம்மா தயங்கினால், அமெரிக்கத் தரச் சான்றில் இது 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு அது இடைஞ்சல் இல்லை.

அந்த எட்டில் யாராவது வேண்டும் என்று பிறகு தோன்றினால் தனித்தனியாகவும் வாங்கலாம். ஆனால் யாரை வாங்குவது என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லட்டும்.

இன்று ராத்திரி கால் போடும்போது முதலில் மகளைக் கூப்பிடுங்கள். கன்ட்ரோலர் வெள்ளை வேண்டுமா, கறுப்பு வேண்டுமா என்று கேளுங்கள். 'எதுன்னாலும் சரிப்பா' என்பாள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ஃபோனை வைத்துவிடாதீர்கள். மறுபடியும் கேளுங்கள்.