லண்டன்–சிட்னி: 17,000 கிலோமீட்டருக்கு எத்தனை மணிநேரம்?

தம்பி, அம்மா லண்டனிலிருந்து உங்களிடம் சிட்னிக்கு வந்துசேர எத்தனை மணிநேரம் என்று நீங்கள் போட்ட கணக்கு பிழையில்லை. லண்டனிலிருந்து சிட்னி ஏறத்தாழ 17,000 கி.மீ.; மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 19 மணிநேரம்தான் வரும். ஆனால் அம்மாவின் டிக்கெட்டில் ஜனவரியில் ஒரு திங்கள் இரவு 9 மணிக்கு ஏறி, புதன் காலை 8 மணிக்கு இறங்குவதாக இருக்கிறதே என்கிறீர்கள். ஏறும் நேரம் லண்டன் நேரம், இறங்குவது சிட்னி நேரம். ஜனவரியில் வித்தியாசம் 11 மணிநேரம். புதன் காலை 8 என்பது லண்டனில் செவ்வாய் இரவு 9. ஆக, பயணம் 24 மணிநேரம்.

அதில் சிங்கப்பூர் வரை சுமார் 13, அங்கிருந்து சிட்னி சுமார் 8, மிச்சம் 3 சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு. டிக்கெட்டில் போடுவது வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. கேட்டிலிருந்து விமானம் நகர்ந்து மறுமுனையில் கேட்டில் வந்து நிற்கும் வரை. 17,000 கி.மீ. என்பதும் மிகக் குறுகிய வழிதான். மூடிய வான்வெளியைச் சுற்றிப் போனால் தூரம் கூடும். 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டபின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணிநேரத்திலிருந்து 13 மணிநேரமாகக் கூடியது.

திரும்பும்போது எதிர்க்காற்று, சிங்கப்பூர்–லண்டன் 14 மணிநேரம் வரை போகும். ஆனால் டிக்கெட்டில் மாலை 4க்கு ஏறி மறுநாள் காலை 5.30க்கு இறங்குவதாகப் பதிமூன்றரை மணிநேரம்போல் தெரியும். உண்மையில் இருபத்துநான்கரை.

அந்த 11 மணிநேர வித்தியாசத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாட்கள் இரண்டு ஊரிலும் வேறு வேறு. ஏப்ரலின் முதலாவது ஞாயிறிலிருந்து அக்டோபரின் முதலாவது ஞாயிறு வரை 9. அதற்குப்பின் அக்டோபர் கடைசி ஞாயிறு வரையும், மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒரு கிழமையும் 10. அழைத்துவரப் போகிறவர்கள் பிழைவிடுவது அநேகமாக இந்த நாட்களில்தான்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதலாவது தாமதித்தால் அடுத்ததில் ஏற்றுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு இல்லை; அம்மா குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்‑இன் செய்யவேண்டி வரலாம். அதற்கு 3 மணிநேரம் காணாது, மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். லண்டனில் பெட்டியில் ஒட்டும் பட்டியில் கடைசி இடம் சிட்னியா என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பும் விமானத்தைப் பின்னேரத்தில் போடுங்கள். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு, அதாவது விமானங்கள் ஏற இறங்கக் கட்டுப்பாடு. இரவு பத்து மணி விமானம் தாமதித்தால் மறுநாள்வரை நிற்க நேரிடலாம்.

சக்கரநாற்காலி வேண்டுமென்றால் 48 மணிநேரத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கவேண்டும். சாப்பாட்டுச் சாமான் எது கொண்டுவந்தாலும் சிட்னியில் இறங்கும்போது நிரப்பும் அட்டையில் ‘ஆம்’ என்றே குறிக்கட்டும். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், கூடாததை எடுத்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம். இந்தச் சோதனையெல்லாம் முடிந்து 9 மணிக்கு முன் வெளியே வருவது அரிது, 8க்கே போய் நிற்காதீர்கள்.